வீடியோ காலில் அம்மா பேசட்டும்

கேள்வி: அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய், கீமோதெரபி போய்க்கொண்டிருக்கிறது. இடையிடையே டாக்டர் வீடியோ காலில் பார்க்கிறார். நான்தான் பேசுகிறேன்; அம்மாவைக் கேட்டால் "நல்லாத்தான் இருக்கேன்" என்று முடித்துவிடுகிறார். இதனால் பயன் உண்டா, நேரிலேயே போய்விடலாமா?

பதில்: பயன் உண்டு, ஆனால் போன் அம்மா கையில் இருக்க வேண்டும். விரல் மரத்துப்போய்ப் பொத்தான் போடவே சிரமப்படுகிறாரா, வாய்ப்புண்ணால் தண்ணீர்கூட இறங்கவில்லையா என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். அதைச் சொன்னால்தானே மருந்தின் அளவைக் குறைப்பதா, மாற்றுவதா என்று டாக்டர் யோசிக்க முடியும்! சொன்னால் கீமோவை நிறுத்திவிடுவார்களோ, உங்களுக்குச் சிரமமாகிவிடுமோ என்று பயந்துதான் பலர் வாயைத் திறப்பதில்லை. அந்தப் பயத்தையே முதலில் டாக்டரிடம் கேட்கச் சொல்லுங்கள்.

தினமும் இரவு ஒரு நோட்டில் வலி, வாந்தி, சோர்வு, மலச்சிக்கல் எப்படி என்று பூஜ்யத்திலிருந்து (தொந்தரவே இல்லை) பத்துக்குள் (தாங்கவே முடியவில்லை) மார்க் போடட்டும், அவர் கையாலேயே. வீடியோ காலில் அதைப் பார்த்துப் படித்தால் போதும், "நல்லாத்தான் இருக்கேன்" தானாகக் குறையும். இது சின்ன விஷயமில்லை. முற்றிய புற்றுநோய்க்கு கீமோ எடுத்த 766 பேரை வைத்து நியூயார்க்கில் ஒரு ஆய்வு நடந்தது. அதில் ஒரு பிரிவினர் 12 தொந்தரவுகளைப் பற்றி இணையம் வழியாகத் தாங்களே பதிவு செய்தார்கள், ஏதாவது மோசமானால் நர்ஸுக்கு உடனே தகவல் போனது. 2017இல் வெளியான முடிவின்படி, வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் பாதிப்பேர் 26 மாதத்தைத் தாண்டி வாழ்ந்தார்கள், பதிவு செய்தவர்களில் பாதிப்பேர் 31 மாதத்தைத் தாண்டினார்கள். புது மருந்து எதுவும் கொடுக்கவில்லை, தொந்தரவு முற்றுவதற்கு முன்பே தெரிந்தது, அவ்வளவுதான்.

நீங்கள் பக்கத்தில் இருங்கள். அவர் விட்டதை மட்டும் எடுத்துக் கொடுங்கள். டாக்டர் சொல்வதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கட்டியைத் தொட்டுப் பார்க்கவும் ரத்தப் பரிசோதனைக்கும் நேரில்தான் போக வேண்டும். காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸை (100.4 ஃபாரன்ஹீட்) தொட்டால் வீடியோ காலுக்குக் காத்திருக்கவே கூடாது, நள்ளிரவானாலும் மருத்துவமனைக்குப் போங்கள். கீமோவில் வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும்போது தொற்று சில மணி நேரத்திலேயே உயிருக்கு ஆபத்தாகிவிடலாம். டாக்டரைக் கேட்காமல் பாராசிட்டமால் போட்டுக் காய்ச்சலை மறைத்துவிடாதீர்கள். ராத்திரியில் எந்த எண்ணுக்குக் கூப்பிடுவது என்று அடுத்த காலில் அம்மாவே கேட்டு, அந்த நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளட்டும்.