கட்டாமல் விட்ட ஆறு தவணை: கையில் உள்ள 3 லட்சத்தைக் கடனில் போடலாமா?

கேள்வி: மதுரையில் பந்தல், மேடை அலங்காரம், பாத்திர வாடகைத் தொழில் செய்கிறேன். 2018-ல் 25 லட்சம் ரூபாய் வீட்டுக் கடன், 8.5% வட்டி, 20 வருடம், மாதத் தவணை 21,696 ரூபாய். 2020 ஊரடங்கில் ஒரு கல்யாண ஆர்டர் கூட இல்லாததால் மார்ச் முதல் ஆகஸ்ட் வரை ஆறு மாதம் தவணை கட்டவில்லை, வங்கியும் ஒத்துக்கொண்டது. 2038 பிப்ரவரியில் முடிய வேண்டிய கடன் இப்போது 2040-ஐத் தாண்டிப் போகிறது. வட்டிக்கு வட்டி கூடாது என்று சுப்ரீம் கோர்ட் சொன்னதே, அந்தப் பணம் எங்கே? கையில் 3 லட்சம் இருக்கிறது. அதைக் கடனில் போட்டுவிடலாமா? மறுபடி ஒரு ஊரடங்கு வந்தால் என்ன செய்வது?

பதில்: 3 லட்சத்தைத் தொடாதீர்கள். ஏன் என்று சொல்வதற்கு முன் கணக்கைப் பார்த்துவிடுவோம்.

2020 மார்ச் 27-ம் தேதி ரிசர்வ் வங்கி கொடுத்தது தவணைக்கு அவகாசம் மட்டுமே. முதலில் மே 31 வரை மூன்று மாதம், பிறகு ஆகஸ்ட் 31 வரை இன்னொரு மூன்று மாதம். வட்டி ஒரு நாள் கூட நிற்கவில்லை. 24 தவணை கட்டியிருந்த உங்களுக்கு அப்போது நின்ற அசல் சுமார் 23.96 லட்சம். அதற்கு ஒரு மாத வட்டி மட்டும் 16,972 ரூபாய். அதாவது நீங்கள் கட்டும் 21,696-ல் அசலில் கழிவது வெறும் 4,724 ரூபாய்தான். ஆறு மாத வட்டி ஏறியதும் பாக்கி ஏறக்குறைய 25 லட்சத்துக்கே போய்விட்டது. இரண்டு வருடம் கட்டிக் குறைத்ததை ஆறு மாதம் அழித்துவிட்டது.

தவணைத் தொகையை மாற்றாமல் வங்கி காலத்தை நீட்டியது. வட்டி விகிதம் நடுவில் இறங்கி ஏறியதை ஒதுக்கிவிட்டு, 8.5 சதவீதத்திலேயே வைத்துப் பார்த்தால் கடன் 2040 ஆகஸ்ட் வரை போகும். கட்டாமல் விட்டது 1.30 லட்சம். அதைத் திருப்பிக் கட்டியதற்கு மேலும் சுமார் 5.09 லட்சம் கடைசிவரை போகும். கடன் எடுத்து இருபதாவது மாதத்திலும் நூற்று எண்பதாவது மாதத்திலும் இதே ஆறு மாத அவகாசத்தை எடுத்தால் விளைவு ஒன்றல்ல. ஆரம்ப வருடங்களில் தவணையில் பெரும்பகுதி வட்டி என்பதால்தான் உங்களுக்கு இவ்வளவு அடி.

இதற்காக அவகாசம் எடுத்தது தவறு என்று சொல்லமாட்டேன். சம்பளம் தடையில்லாமல் வந்தும் 'எல்லாரும் எடுக்கிறார்கள்' என்று எடுத்தவர்கள்தான் தவறு செய்தார்கள். உங்களுக்கு வருமானமே நின்றுபோனது. உங்கள் தவறு 2020 செப்டம்பரில். தவணையைக் கொஞ்சம் உயர்த்துங்கள், காலத்தை நீட்டாதீர்கள் என்று அப்போதே எழுதிக் கொடுத்திருக்க வேண்டும்.

வட்டிக்கு வட்டி விஷயத்தில் பலருக்கும் பெரிய ஏமாற்றம்தான். 2020 பிப்ரவரி 29 நிலவரப்படி மொத்தக் கடன் 2 கோடிக்குள் இருந்தவர்களுக்கு, கூட்டு வட்டிக்கும் தனி வட்டிக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் மத்திய அரசு கொடுத்தது. 2020 நவம்பர் 5-க்குள் கணக்கில் வரவு வைக்கச் சொன்னார்கள். 2021 மார்ச் 23 சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு அந்தச் சலுகையை 2 கோடிக்கு மேல் கடன் உள்ளவர்களுக்கும் விரித்தது. வட்டியைத் தள்ளுபடி செய்யச் சொல்லவில்லை. உங்கள் கடனுக்கு அந்த வித்தியாசம் சுமார் 1,820 ரூபாய்! 2020 நவம்பர் ஸ்டேட்மென்டில் அந்த அளவில் ஒரு வரவு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் வங்கிக் கிளைக்கு ஒரு கடிதம் எழுதுங்கள், அதோடு விடுங்கள். இத்தனை வருடம் கழித்து ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போனால் காலவரம்பு தாண்டியது என்று தள்ளுபடியாகவே வாய்ப்பு அதிகம்.

இப்போது கடனை எப்படிப் பழைய தேதிக்கே இழுப்பது? 2026 மார்ச் முடிவில் இதே கணக்குப்படி பாக்கி சுமார் 21.56 லட்சம். இரண்டு வழி உண்டு. ஒரே தடவையில் 2.10 லட்சம் கட்டினால் 2038 பிப்ரவரிக்குத் திரும்பிவிடும். அல்லது மாதம் 2,340 ரூபாய் கூடுதலாகக் கட்டினாலும் அதே தேதியில் முடியும். உங்கள் 3 லட்சத்துக்கு முதல் வழி எளிதாகத் தெரியும். ஆனால் சாதாரண வீட்டுக் கடனில் போட்ட பணத்தை நெருக்கடி வரும்போது திருப்பிக் கேட்க முடியாது. எஃப்.டி.யில் 6.5% கிடைத்தால் 8.5 சதவீதக் கடனோடு ஒப்பிடும்போது 3 லட்சத்துக்கு வருடம் 6,000 ரூபாய் நஷ்டம். கைக்காசுக்குக் கட்டும் பிரீமியம் அது.

தவணையையும் நிரந்தரமாக உயர்த்தவேண்டாம், உங்கள் வருமானம் மாதச் சம்பளம் அல்ல. வைகாசி முகூர்த்தம் முடிந்ததும் 14,000, தை, மாசி முடிந்ததும் 14,000 என்று இரண்டு தடவையாகத் தவணைக்கு மேல் கூடுதலாகக் கடனில் போடுங்கள், வருடத்துக்கு 28,000. இப்படிக் கூடுதலாகக் கட்டக் குறைந்தபட்சத் தொகை எவ்வளவு என்று வங்கியில் கேளுங்கள். மாறும் வட்டியில் உள்ள தனிநபர் வீட்டுக் கடனை முன்கூட்டியே கட்டுவதற்கு அபராதம் கிடையாது. கட்டும் ஒவ்வொரு முறையும் 'தவணைத் தொகை மாறக்கூடாது, காலம் குறைய வேண்டும்' என்று எழுதிக் கொடுங்கள். இதைச் சொல்லாமல் விட்டால் சில இடங்களில் தவணையைக் குறைத்துக் காலத்தை அப்படியே வைத்துவிடுவார்கள், உங்கள் பணம் போன சுவடே தெரியாது. அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு, மீதித் தவணை எத்தனை என்ற விவரத்தை மூன்று மாதத்துக்கு ஒருமுறை கொடுக்கவேண்டும் என்று 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி உத்தரவிட்டிருக்கிறது. கேட்டு வாங்குங்கள்.

அடுத்த ஊரடங்கு பற்றி. மூன்று மாதச் செலவைச் சேர்த்து வை என்ற வழக்கமான அறிவுரை உங்கள் தொழிலுக்குப் போதாது. 2020-ல் தடை பங்குனியில் வந்தது. சித்திரை, வைகாசி, ஆனி முகூர்த்தம் போயிற்று. ஆடி எப்படியும் வெறும் மாதம். அடுத்த காசு ஆவணியில்தான். 2021-ல் முழு ஊரடங்கு மே 10-ல், அதுவும் சரியாக வைகாசிக்கு முன்னால். ஒரு சீசன் போனால் ஆறு மாதம் போனதாகவே வைத்துக்கொள்ளுங்கள். குடோன் வாடகை 12,000, இரண்டு நிரந்தர ஆட்களுக்கு 30,000, தவணை 21,696, வீட்டுச் செலவு 25,000 என்று வைத்தால் மாதம் 88,696. ஆறு மாதத்துக்கு 5.32 லட்சம். உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள், 3 லட்சம் பாதி தூரம்தான் வரும் என்று நினைக்கிறேன். அந்தப் பணத்தைக் கடன் உள்ள வங்கியில் வைக்காதீர்கள். நீங்கள் அவகாசம் கேட்டு எழுதுவதற்குள் தானியங்கிப் பற்று தவணையை எடுத்துவிடும். வேறு வங்கியில் ஒரு மாதச் செலவு சேமிப்புக் கணக்கிலும் மீதி சிறு சிறு எஃப்.டி.களாகவும் இருக்கட்டும். ஒன்றை உடைத்தால் மற்றவை தப்பும்.

குடோனுக்கு எடுத்த தீ காப்பீட்டை நம்பவேண்டாம். அதோடு சேர்த்து வாங்கும் லாப இழப்புப் பிரிவு கூட பொருள் எரிந்தோ நனைந்தோ சேதமானால்தான் பொதுவாகப் பேசும். அரசாங்கம் மூடச்சொன்னதற்குப் பணம் தராது.

கல்யாண வீட்டார் கொடுத்த அட்வான்ஸை இருப்பாகக் கணக்குப் பண்ணாதீர்கள், அது தனிக் கணக்கில் இருக்கட்டும். 2020-ல் அந்தப் பணத்தை முந்தைய கல்யாணத்தின் பூக்காரருக்குக் கொடுத்துவிட்டுத்தான் பலர் மாட்டிக்கொண்டார்கள். ஒப்பந்தத்தை நிறைவேற்றவே முடியாமல் போனால் வாங்கியதைத் திருப்பவேண்டும் என்பது 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 56, 65 பிரிவுகள். சிக்கல் எங்கே என்றால், அப்போது கல்யாணத்தை முழுவதுமாகத் தடுக்கவில்லை, 50 பேர் வரலாம் என்றார்கள். ஆயிரம் பேருக்குப் போட்ட பந்தல் ஆர்டர் செல்லுமா செல்லாதா என்று இரு பக்கமும் வாதாட இடம் இருந்தது. ரசீதின் பின்பக்கத்தில் மூன்று வரி அச்சடித்துவிடுங்கள்: அரசுத் தடை வந்தால் 12 மாதத்துக்குள் வேறு தேதிக்கு அதே அட்வான்ஸ் செல்லும், ஆள் எண்ணிக்கை குறைக்கப்பட்டால் இன்ன விகிதத்தில் தொகை குறையும், ரத்தானால் அதுவரை செய்த செலவை பில்லோடு கழித்துக்கொண்டு மீதி 30 நாளில் தரப்படும். இரு தரப்பும் கையெழுத்துப் போட்ட பிரதி ஒன்று உங்களிடம் இருக்கவேண்டும்.