மலைச்சரிவு மண்ணிலுள்ள நைட்ரஜன் ஓடைக்கு எப்படிப் போகிறது?

மேலே ஓடும் மழைநீர்தான் அடித்துச் செல்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். காட்டுச் சரிவுகளில், நீரில் கரையும் நைட்ரஜன் வடிவமான நைட்ரேட்டின் பெரும்பங்கு மண்ணுக்குள் இறங்கிய நீரோடுதான் போகிறது.

சருகு மட்கும்போது அம்மோனியம் என்ற இன்னொரு நைட்ரஜன் வடிவம் வெளிவரும். அது நேர்மின்னேற்றம் கொண்டதால், எதிர்மின்னேற்றம் கொண்ட களிமண்ணும் மட்கிய பொருளும் அதைப் பிடித்து வைக்கும். நுண்ணுயிர்கள் அதை நைட்ரேட் ஆக்கிவிட்டால் அந்தப் பிடி போய்விடும், ஏனெனில் நைட்ரேட் எதிர்மின்னேற்றம் கொண்டது. வேர் உறிஞ்சாமல் விட்டது நீரோடு இறங்கி, பாறையோ இறுகிய அடுக்கோ தடுக்கும் இடத்தில் பக்கவாட்டில் கசிந்து ஓடையில் சேரும்.

வேரின் பங்கைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். அமெரிக்காவின் நியூ ஹாம்ஷயரில் உள்ள ஹப்பார்டு புரூக் காட்டில் 1965 இறுதியில் 15.6 ஹெக்டேர் நீர்ப்பிடிப்புப் பகுதியில் மரங்களையெல்லாம் வெட்டி அங்கேயே போட்டார்கள். பிறகு களைக்கொல்லி தெளித்து மறுமுளைப்பைத் தடுத்தார்கள். உரம் ஒரு பிடிகூட இடவில்லை. ஆனாலும் ஓடையில் நைட்ரேட் முதல் ஆண்டு 41 மடங்கும், இரண்டாம் ஆண்டு 56 மடங்கும் உயர்ந்தது! நைட்ரேட் உருவாகும்போது அமிலமும் உருவாவதால் கால்சியமும் சேர்ந்து வெளியேறியது.

கரையோரச் சதுப்பு மண்ணில் ஆக்சிஜன் இல்லாவிட்டால், பாக்டீரியாக்கள் நைட்ரேட்டை வாயுவாக்கிக் காற்றில் விட்டுவிடும். ஆனால் நீர் ஆழமான சரளை வழியாகவோ வடிகுழாய் வழியாகவோ போனால் இந்த வடிகட்டல் நடக்காது. நைட்ரேட்டைத் தடுக்கக் கரையில் மரம் நட்டும் பலன் இல்லாத இடங்களில் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்.