காமாலை சரியாகிவிட்டது, பித்தப்பையை எடுத்தே ஆக வேண்டுமா?

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 56, சர்க்கரை நோய் உண்டு. இரண்டு மாதம் முன்பு மஞ்சள் காமாலை வந்தது. பித்தநாளத்தில் கல் அடைத்திருக்கிறது என்று ஈ.ஆர்.சி.பி. (வாய் வழியாக எண்டோஸ்கோப்பி குழாயை விட்டுச் செய்யும் சிகிச்சை) செய்து கல்லை எடுத்து, ஸ்டென்ட் (நாளம் அடைக்காமலிருக்க உள்ளே வைக்கும் சிறு குழாய்) வைத்தார்கள். பித்தப்பையிலும் கற்கள் இருப்பதால் அதை எடுத்துவிடச் சொன்னார்கள். இப்போது வலியே இல்லை. பித்தப்பை போனால் சாப்பாடு செரிக்காது என்று அம்மா மறுக்கிறார். மாத்திரையில் கரைக்க முடியாதா? - ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: எடுத்துவிடுங்கள், இனியும் தள்ளிப்போட வேண்டாம்.

பித்தப்பையில் கல் இருக்கும் எல்லோருக்கும் நான் இப்படிச் சொல்வதில்லை. வேறு எதற்கோ ஸ்கேன் எடுக்கும்போது தற்செயலாகக் கல் தெரிந்து, எந்தத் தொந்தரவும் இல்லை என்றால் பெரும்பாலும் அப்படியே விட்டுவிடலாம். அம்மாவின் நிலை வேறு. ஒரு கல் ஏற்கெனவே நழுவிப் பித்தநாளத்துக்குள் இறங்கிவிட்டது. எண்டோஸ்கோப்பி வழியாக எடுத்தது அந்தக் கல்லை மட்டும்தான். கற்கள் உருவாகும் பை உள்ளேயே இருக்கிறது. மிளகு அளவுக் கற்கள்தான் சுலபமாக நழுவும். அடுத்த முறை அது கணைய நாளத்தின் வாயை அடைத்தால் கணைய அழற்சி (கணையம் வீங்கிப் புண்ணாவது) வரும். லேசாக வந்து போவதும் உண்டு, வாரக்கணக்கில் ஐ.சி.யூ.வில் படுக்க வைப்பதும் உண்டு. அதனால்தான் நாளத்துக் கல்லை எடுத்த இரண்டு வாரத்துக்குள்ளேயே பித்தப்பையையும் எடுப்பது நல்லது என்கிறோம்.

எனக்கு இன்னும் பெரிய கவலை அந்த ஸ்டென்ட். அது அநேகமாக பிளாஸ்டிக் குழாயாக இருக்கும். பொதுவாக மூன்று மாதத்துக்குள் எடுக்கவோ மாற்றவோ வேண்டும். உடம்பு நன்றாக இருக்கிறதே என்று பலர் அதை மறந்தே போகிறார்கள். அது அடைத்துக்கொண்டால் மறுபடி காமாலை வரும், கூடவே கிருமித் தொற்றும் சேரும். டிஸ்சார்ஜ் சுருக்கத்தில் ஸ்டென்ட் வைத்த தேதி இருக்கும், இன்றே எடுத்துப் பாருங்கள்.

செரிமானத்தைப் பற்றி அம்மா பயப்பட வேண்டாம். பித்தநீரைச் சுரப்பது கல்லீரல். தினமும் அரை லிட்டருக்குக் குறையாமல் சுரக்கிறது. பித்தப்பை அதில் கொஞ்சத்தைச் சேமித்து வைக்கும் இடம், அவ்வளவுதான். அது இல்லாவிட்டால் பித்தநீர் நேராகக் குடலுக்குப் போகும். சிலருக்குச் சில வாரங்கள் வயிறு இளகிப் போகும், அப்புறம் பெரும்பாலும் சரியாகிவிடும். எண்ணெய்ப் பலகாரத்தைக் கொஞ்ச நாள் குறைத்துக்கொண்டால் போதும்.

மாத்திரை கரைப்பது சிறிய கொழுப்புக் கற்களை மட்டும்தான், அதுவும் மாதக்கணக்கில். நிறுத்தினால் பலருக்குத் திரும்ப வரும். நம் தென்னிந்தியாவில் அதிகம் பார்ப்பது கறுப்பு, பழுப்பு நிறமிக் கற்கள். அவற்றிடம் அது பலிக்காது. காமாலைதானே என்று கீழாநெல்லி அரைத்துக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். கல் அடைத்து வரும் காமாலைக்கு அடைப்பை நீக்குவதுதான் வைத்தியம்.

லேப்ராஸ்கோப்பியில் நான்கு சிறு துளைகள் போதும், பெரும்பாலானவர்கள் ஓரிரு நாளில் வீட்டுக்குப் போய்விடுவார்கள். உள்ளே ஒட்டுதல் அதிகமாக இருந்தால் வயிற்றைத் திறந்து செய்ய வேண்டி வரலாம். பாதுகாப்புக்காக எடுக்கும் முடிவு அது, பயப்பட வேண்டாம். பித்தநாளம் காயப்படும் ஆபத்து ஆயிரத்தில் மூன்று முதல் ஐந்து பேருக்கு உண்டு. இதையும் சர்ஜனிடம் வெளிப்படையாகக் கேளுங்கள், கேட்பது உங்கள் உரிமை. சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டு வாருங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிட்டால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இந்த வாரமே ஈ.ஆர்.சி.பி. ரிப்போர்ட்டோடு சர்ஜனைப் பாருங்கள். அதற்குள் குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தாலோ, கண் மஞ்சளானாலோ, மேல்வயிற்று வலி முதுகுக்குப் பாய்ந்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். எந்த நேரமானாலும் அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். உள்ளே ஸ்டென்ட் இருப்பதை முதலில் சொல்லுங்கள்.