செபமாலையில் எண்ணிய பெட்டிகள்

கேள்வி: யாழ்ப்பாணக் கரையோரக் கிராமம் ஒன்றிலிருந்து 2013இல் கனடாவுக்கு வந்தவள் நான். அப்பா கூத்துப் பழக்கும் அண்ணாவியார். பகலில் முதியோர் இல்லத்தில் வேலை, மற்ற நேரமெல்லாம் நாடகம். இயேசு ஆண்டவர் பட்ட பாடுகள் ரொறன்ரோவின் ஸ்காபரோவில் ஒரு பொதியிடும் பக்டரியில் நடப்பதாக ஒரு நாடகம் எழுதியிருக்கிறேன். கடைசி இராப்போசனம் லஞ்ச் ரூமில். யூதாஸ், ஆள் பிடித்துக் கொடுக்கும் ஏஜென்சிக்காரன். எங்கள் செபமாலைக் குழுவில் இருக்கும் ஓர் அக்கா சொன்ன அனுபவம்தான் கரு. சூப்பர்வைசர் சொல்லும் கணக்கு எப்போதும் குறைவாக இருக்குமாம். அதனால் கையுறைக்குள் செபமாலையைச் சுற்றிக்கொண்டு பெட்டிக்கு ஒரு மணியாக எண்ணுவாராம். எங்கள் தேவாலயக் குரு, பங்குச் சுவாமி, கோயில் மண்டபம் தரத் தயார். ஆனால் யூதாஸ் காட்சியை எடுத்துவிடச் சொல்கிறார். கோயில் பதிவு பெற்ற அறநிறுவனம், அரசியல் பேசினால் பதிவு போய்விடும் என்பது அவர் சொல்லும் காரணம். என்னோடு ஆங்கில நாடகம் செய்யும் நண்பர்களோ, "கோபம் நன்றாக இருக்கிறது, செபங்களை வெட்டு, பிரசங்கம் மாதிரி இருக்கிறது" என்கிறார்கள். படிக்கவென்று நாடகக்காரர் அவுகுஸ்தோ போவாலின் எழுத்தையும் தந்திருக்கிறார்கள். யாருக்காக எதை வெட்டுவது? பிரதியை இணைத்திருக்கிறேன்.
(பெயர் வேண்டாம், ஸ்காபரோ)

பதில்:

தங்கச்சி,

கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். முதல் தரம் உங்களுக்காகச் சுவாமியோடும் நண்பர்களோடும் மனதுக்குள் சண்டை பிடித்தேன். இரண்டாம் தரம் அந்தக் கையுறையில் நின்றுவிட்டேன். பெட்டிக்கு ஒரு மணி. செபமாலையில் பத்து மணிக்கு ஒரு பரலோக மந்திரம் வரும், அப்படியென்றால் பத்துப் பெட்டிக்கு ஒன்று. அந்த அக்கா செபிக்கிறாரா, கணக்கு வைக்கிறாரா? இரண்டையும் ஒரே விரலால் செய்கிறார். உங்கள் நண்பர்கள் மணியை வெட்டினால் கணக்குப் போய்விடும். சுவாமி கணக்கை வெட்டினால் அந்த மணி அங்கே வந்த காரணமே போய்விடும். இதைக் கடிதத்தில் போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள், பிரதியிலும் ஏழாம் பக்கத்தில் இரண்டே வரி. நானாக இருந்தால் திரை விலகும்போதே அந்தக் கைதான் தெரியும்.

நான் சின்னப் பையனாக இருந்தபோது எங்கள் ஊரில் எஸ்தாக்கியார் கூத்து போட்டார்கள். அவருடைய இரண்டு பிள்ளைகளில் நான் இளையவன். வசனம் கிடையாது, மிருகம் வந்து தூக்கிக்கொண்டு போகும்போது அழ வேண்டும், அவ்வளவுதான். உங்கள் அப்பா இந்தக் கூத்தைக் கரைத்துக் குடித்திருப்பார். உரோமைப் படைத்தலைவன் ஒருவன் கிறிஸ்தவனாகிறான், சொத்து சுகம் எல்லாம் போகிறது, குடும்பத்தோடு கப்பல் ஏறித் தப்பி ஓடுகிறான். கூலி கொடுக்கக் காசில்லை, கப்பல்காரன் மனைவியைப் பிடித்து வைத்துக்கொள்கிறான். 1986 ஆகஸ்டில் நியூபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்த எங்கள் ஆட்கள் 155 பேரை மீனவர்கள் காப்பாற்றிய செய்தி வந்தபோது, எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அந்தக் கப்பல்காரன்தான். விடிய விடியப் பார்த்த எங்கள் சனம் எவரும் அந்தக் காட்சியை அரசியல் என்று சொன்னதில்லை. சத்தம் போட்டு அவனைத் திட்டினார்கள்.

சரி, சுவாமியிடம் வருவோம்.

அவர் சொல்லும் சட்டக் காரணம் நிற்காது. பதிவு பெற்ற அறநிறுவனம் ஒரு கட்சியையோ வேட்பாளரையோ ஆதரிக்கவோ எதிர்க்கவோ கூடாது, அது இன்றும் தடைதான். மற்றபடி, 2018இன் கடைசியில் வருமான வரிச் சட்டத்தைத் திருத்திய பிறகு, தன்னுடைய அறநோக்கத்தை ஒட்டிச் சட்டத்தைப் பற்றியும் அரச கொள்கையைப் பற்றியும் பேச அதற்கு உரிமை உண்டு. உங்கள் நாடகத்தில் கட்சியும் இல்லை, வேட்பாளரும் இல்லை, கூலி மட்டும்தான் இருக்கிறது. கூலியைப் பற்றிப் பேசச் சுவாமிக்கு உங்களைவிடப் பெரிய பக்கபலம் இருக்கிறது. வயலை அறுத்தவர்களிடம் பிடித்துவைத்த கூலியே கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு 5:4 சொல்கிறது. 1891இல் பாப்பரசர் பதின்மூன்றாம் சிங்கராயர் தொழிலாளர் பற்றி எழுதிய சுற்றுமடலும் அந்த வரியைத்தான் எடுத்துக் காட்டியது. இதையெல்லாம் குருமடத்தில் படித்துவிட்டு வந்தவர் அவர்.

அப்படியானால் ஏன் தயங்குகிறார்? திருவிழா மலரின் பின்னட்டையில் யாருடைய விளம்பரம் வருகிறது என்று ஒரு தரம் பாருங்கள். நான் அவரைக் குறை சொல்லவில்லை. கூரை ஒழுகினால் காசுக்கு ஓட வேண்டியவர் அவர்தான். சட்டக் காரணம் விழுந்த பிறகு உண்மையான காரணம் வெளியே வரும், அதோடு உட்கார்ந்து பேசலாம். தனியாகப் போகாதீர்கள், பிரதியைக் கையில் எடுத்துக்கொண்டு செபமாலைக் குழுவில் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போங்கள். யாழ்ப்பாணத்தில் 1965இல் திருமறைக் கலாமன்றத்தைத் தொடங்கிப் பாடுகளின் நாடகத்தை அத்தனை பெரிதாக வளர்த்தவரும் ஒரு சுவாமிதான், மரியசேவியர் அடிகளார். அந்தப் பெயரை ஒரு தரம் சொல்லிப் பாருங்கள். அநேகமாக முகம் இளகும்.

அவர் கடைசிவரை மறுத்தால் ரொறன்ரோ பிரிஞ்ச் நாடக விழாவுக்கு விண்ணப்பிக்கலாம். அங்கே தேர்வுக் குழு கிடையாது, குலுக்கல்தான். உள்ளடக்கத்தில் கை வைப்பதும் இல்லை. ஆனாலும் நான் மண்டபத்துக்காகத்தான் மல்லுக்கட்டுவேன். நைட் ஷிப்ட் முடித்த அந்த அக்கா டவுன்டவுன் வரை வந்து நாடகம் பார்ப்பாரா? கோயில் மண்டபம் என்றால் பூசை முடிந்ததும் அப்படியே வந்து உட்கார்ந்துவிடுவார்.

நண்பர்கள் சொன்னதில் பாதி சரி. உங்கள் பிரதியில் ஒன்பது செபங்கள் இருக்கின்றன. அவற்றில் ஆறு, சபையைப் பார்த்துச் சொல்லப்படுகின்றன. பிரசங்க வாடை அங்கேதான் வருகிறது. ஆண்டவரைப் பார்த்துச் சொல்லும்போது, அதுவும் பதில் வராமல் சொல்லும்போது, நம்பிக்கை இல்லாதவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பார். மூன்றாம் காட்சியில் அந்தத் தாய் லொக்கர் கதவைப் பார்த்து "நீ கேட்கிறியா இல்லையா" என்று கேட்கிறாளே, அதில் ஒரு சொல்லைக்கூடத் தொடாதீர்கள். அந்த ஆறையும் திருப்பி எழுதுங்கள், அல்லது விடுங்கள். அப்புறம், கடைசியில் எல்லோரும் கையை உயர்த்திக்கொண்டு உரிமை முழக்கம் போடுகிறார்களே, அதுவும் பிரசங்கம்தான். நண்பர்களுக்கு அது உறைக்காமல் போனதற்குக் காரணம், அது அவர்களுடைய பிரசங்கம்.

அவர்கள் உங்களுக்குப் படிக்கக் கொடுத்த அவுகுஸ்தோ போவாலைப் பற்றி ஒரு விஷயம். பிரேசிலில் 1971இல் கைதாகிச் சித்திரவதைப்பட்டு நாட்டைவிட்டு வெளியேறியவர், வருடக்கணக்காகப் புலம்பெயர்ந்த நாடகக்காரர். அவர் உருவாக்கிய ஒடுக்கப்பட்டோர் அரங்கு என்ற பெயரே பாவ்லோ பிரெய்ரேயின் கல்விச் சிந்தனையிலிருந்து வந்தது. அந்தப் பிரெய்ரே கத்தோலிக்கர். நாடு திரும்ப முடியாமல் இருந்த எழுபதுகளில் அவர் வேலை செய்தது ஜெனீவாவில், உலகத் திருச்சபைகள் மன்றத்தில். செபம் இருந்தால் போராட்டம் கெட்டுவிடும் என்கிற நண்பர்களுக்கு ஒரு கோப்பி வாங்கிக் கொடுத்து இதைச் சொல்லுங்கள்.

ஆக யாருக்காகவும் எதையும் வெட்டாதே என்கிறேனா? இல்லை, ஒன்றை வெட்டச் சொல்கிறேன். யூதாசுக்கு ஒட்டுமூக்கும் நீளத் தாடியும் காசுப் பையும் என்று வேடக் குறிப்பில் எழுதியிருக்கிறீர்கள். ஊரில் அது பழக்கம், நாங்கள் யோசித்ததே இல்லை. யூதர்களை இழிவாகக் காட்டுகிற பழைய வேடம் அது. ஐரோப்பாவில் பாடுகளின் நாடகம் பார்த்துவிட்டு யூதர்களை அடிக்கப் போன காலம் இருந்தது. ஜெர்மனியில் 1634இலிருந்து நடந்துவரும் ஓபராமர்கவ் நாடகத்தின் பிரதியையே அதற்காகத் திரும்பத் திரும்பத் திருத்தியிருக்கிறார்கள். ஆண்டவரின் மரணத்துக்கு யூதர் எல்லோர் மீதும் பழி போடக் கூடாது என்று வத்திக்கான் சங்கமே 1965இல் சொல்லிவிட்டது. நீதி கேட்கிற நாடகத்தில் அந்த மூக்கு வேண்டாம்.

அதைவிடப் பெரிய குறை, உங்கள் யூதாஸ் உள்ளே வரும்போதே கெட்டவனாக வருகிறான். ஏஜென்சிக்காரன் யார்? அவனும் ஒரு காலத்தில் அதே லைனில் நின்று பெட்டி கட்டியவனாக இருப்பான். அவனுக்கு மேலே ஒரு கொம்பனி இருக்கிறது, அந்தக் கொம்பனியின் பெயர் உங்கள் நாடகத்தில் எந்தப் பெட்டியிலும் இல்லை. எங்கள் ஊரில் யூதாசின் புலம்பல் வரும்போதுதான் தூங்கிவழிந்த சனம் நிமிர்ந்து உட்காரும். ஆண்டவரைக் காட்டிக்கொடுத்து வாங்கிய முப்பது வெள்ளிக்காசைத் திருப்பி எறிகிற அந்தப் பாட்டை நீங்கள் எழுதவே இல்லை. எழுதினால் பின்னட்டை விளம்பரக்காரரும் கடைசிவரை இருந்து பார்ப்பார்.

இரண்டாம் காட்சியில் அவன் வேலை எடுத்துத் தந்ததற்கென்று ஆளுக்கு 200 டொலர் வாங்குகிறான். ஒன்ராறியோவில் ஏஜென்சி தொழிலாளியிடம் அப்படி வாங்குவது சட்டவிரோதம். 2024 ஜூலை 1 முதல் லைசென்ஸ் இல்லாமல் ஏஜென்சி நடத்தவும் முடியாது. நாடகத்தில் ஒருவருக்குமே இது தெரியவில்லை. யாராவது ஒருத்தி லஞ்ச் பெட்டியை மூடிக்கொண்டே இதைச் சொல்லட்டும். சம்பளப் பாக்கிக்கு இரண்டு வருடத்துக்குள் தொழில் அமைச்சில் முறையிடலாம் என்பதை நாடகத்துக்குள் திணிக்காதீர்கள், வாசலில் கொடுக்கும் தாளில் தமிழில் அச்சடித்தால் போதும்.

இனி நீங்கள் கேட்காத கேள்வி. அந்த அக்காவுக்கு இது தெரியுமா?

கடிதத்தை மூன்றாம் தரமும் புரட்டினேன், அவரிடம் கேட்டதாக ஒரு சொல்கூட இல்லை. அவர் அதை உங்களிடம் சொன்னது செபமாலைக் குழுவில். கையுறைக்குள் செபமாலை சுற்றுகிறவர் அந்தப் பக்டரியில் எத்தனை பேர் இருப்பார்கள்? முதல் காட்சியிலேயே சூப்பர்வைசருக்கு ஆள் தெரிந்துவிடும். திரை விலகும்போதே அந்தக் கை தெரிய வேண்டும் என்று நான்தான் மேலே எழுதினேன், அதனால்தான் இந்தப் பயம் எனக்கும் சேர்த்து. உரிமையைக் கேட்டதற்காக ஒருவரை வேலையால் நிறுத்துவது சட்டத்துக்கு விரோதம். ஆனால் ஏஜென்சி அவரை நிறுத்த வேண்டியதே இல்லை. அடுத்த கிழமை ஷிப்டுக்குக் கூப்பிடாமல் விட்டால் போதும்.

எனக்கும் ஒரு தரம் இது நடந்தது. வந்த புதிதில் ஒருவர் சொன்ன கதையை, பெயரை மட்டும் மாற்றி மேடையில் போட்டேன். அவர் முன்வரிசையில் இருந்தார். முடிந்ததும் கை தட்டினார், அதன் பிறகு என்னோடு பேசவே இல்லை. அந்த நாடகத்தை மறுபடி போடச் சொல்லிக் கேட்டார்கள், போடவில்லை.

சுவாமியிடம் போவதற்கு முன் அக்காவிடம் போங்கள். போனில் வேண்டாம், நேரில், அவர் தூங்கி எழுந்த பிறகு. பிரதியை முழுக்க வாசித்துக் காட்டுங்கள். பிறகு அரங்கேற்றத்துக்கு முன் வேடம் கட்டாமல் ஆடிப் பார்க்கும் வெள்ளுடுப்பை அவருக்கும், அவர் நம்பும் இரண்டு மூன்று பேருக்கும் மட்டும் ஆடிக் காட்டுங்கள். எங்கே நிறுத்தச் சொல்கிறாரோ அங்கே நிறுத்துங்கள். "அந்த மணி வேண்டாம் பிள்ளை" என்று சொன்னால் மணி போகட்டும். எனக்கு மனம் வலிக்கும், உங்களுக்கு இன்னும் வலிக்கும். கணக்கு வைக்க வேறு வழி கண்டுபிடிக்கலாம், விரலில் முடிச்சு, சுவரில் கீறல், எத்தனையோ இருக்கிறது. சம்மதித்தால், எப்படிச் சுற்றுவார், எந்தக் கையில், அருள் நிறைந்த மரியே சொல்லிக்கொண்டா வெறும் எண்ணிக்கையா என்று அவரையே நடிகைக்குச் சொல்லிக் கொடுக்கச் சொல்லுங்கள். மானியம் ஏதாவது கிடைத்தால் அதற்கும் அவருக்கு ஒரு கூலி போடுங்கள். கூலியைப் பற்றிய நாடகம், அண்ணாவியார் மகளுக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை.

யூதாசின் புலம்பலை எழுதி முடித்ததும் கொப்பியை எனக்கு அனுப்புங்கள். மெட்டுக்கு அப்பாவைக் கேளுங்கள்.