சூரியப் படத்தில் மங்கல் எங்கிருந்து வருகிறது? (கேள்வி பதில்)

சிறிய தொலைநோக்கியில் சூரியனைப் படமெடுக்கும்போது வரும் ஒளிப்பிறழ்ச்சிகளையும் (லென்ஸோ கண்ணாடியோ ஒளியை ஒரே புள்ளியில் குவிக்காத குறைகளையும்) அவற்றைச் சரிசெய்யும் வழிகளையும் பற்றிய கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். கேட்பவர்கள் கருவியின் விட்டம், எஃப் எண் (குவியத்தொலைவை விட்டத்தால் வகுத்தது), ஃபில்டர் மூன்றையும் எழுதுங்கள். அவை இல்லாமல் எதையும் கணக்கிட முடியாது.

பதிலுக்கு முன் ஒரு எச்சரிக்கை. ஃபைண்டரின் (குறிபார்க்கும் சிறு தொலைநோக்கியின்) முன்மூடியைப் போட்டு டேப் ஒட்டுங்கள், அல்லது கழற்றி வீட்டுக்குள் வையுங்கள். ஐபீஸில் (கண் வைக்கும் லென்ஸில்) திருகும் கறுப்புக் கண்ணாடி சூரிய ஃபில்டர் கையில் இருந்தால் இன்றே உடைத்துப் போடுங்கள். குவியத்தின் வெப்பத்தில் அது விரிசல் விடும், விட்ட நொடியில் கண் போய்விடும்.

120 மி.மீ. எஃப்/8.3 அக்ரோமேட், மதுரை: முன்பக்கம் சூரிய ஃபிலிம், பின்னால் மோனோ (கறுப்பு-வெள்ளை) கேமரா. கரும்புள்ளிகள் வருகின்றன. பரப்பின் குருணை அமைப்பு மட்டும் வரவே மாட்டேன் என்கிறது. லென்ஸ் மோசமா சார்?

லென்ஸ் மோசமாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. உங்கள் குவியத்தொலைவு 1000 மி.மீ. சாதாரண அக்ரோமேட்டில் (இரண்டு நிறங்களை ஒன்றாகக் குவிக்கும் இரட்டை லென்ஸில்) சிவப்பும் நீலமும் பச்சையைவிடச் சுமார் 0.5 மி.மீ. தள்ளிக் குவியும். எஃப்/8.3இல் பச்சை ஒளிக்கு ஃபோகஸ் ஆழம் இருபுறமும் 0.075 மி.மீ. மட்டுமே. ஆக, மோனோ சென்சார் ஒரு கூர்மையான பச்சைப் படத்தின் மேல் மங்கலான சிவப்பு, நீலப் படங்களைச் சேர்த்துப் பதிவு செய்கிறது. குருணைகளின் அளவு 1 முதல் 2 ஆர்க்செகண்ட் (ஒரு டிகிரியில் 3,600இல் ஒரு பங்கு ஓர் ஆர்க்செகண்ட்), மாறுபாடும் மிகக் குறைவு. அந்த மங்கலில் அவைதான் முதலில் காணாமல் போகும்.

கேமராவுக்கு முன்னால் 540 நானோமீட்டர் பக்கம் 10 நானோமீட்டர் அகலமுள்ள பச்சை ஃபில்டர் போடுங்கள். அக்ரோமேட்டுகளைப் பெரும்பாலும் பச்சைக்குத்தான் திருத்திச் செய்கிறார்கள், அதனால் லென்ஸின் சிறந்த நிறத்திலேயே வேலை நடக்கும். காலையில் சூரியன் தாழ்வாக இருக்கும்போது வளிமண்டலம் நிறங்களைப் பிரித்து விளிம்பில் சிவப்பு-நீலக் கோடு போடும், அதுவும் இதோடு போய்விடும். வெளிச்சம் போதவில்லை என்றால் அடர்த்தி 5 ஃபிலிமுக்குப் பதிலாக 3.8 ஃபிலிம். அடர்த்தி 5 என்பது ஒரு லட்சத்தில் ஒரு பங்கு ஒளியை விடும், 3.8 ஏறத்தாழ 6,300இல் ஒரு பங்கை விடும். 3.8 படமெடுக்க மட்டும். அதைப் போட்டுவிட்டு ஐபீஸில் கண் வைக்கக் கூடாது.

ஃபிலிமை மத்தளம் போல் இழுத்துக் கட்டியிருந்தால் தளர்த்துங்கள். சுருக்கம் படத்தைக் கெடுக்காது. இழுவிசைதான் அஸ்டிக்மாட்டிசம் (புள்ளி ஒரு திசையில் நீளும் பிறழ்ச்சி) கொண்டுவரும்.

150 மி.மீ. எஃப்/5 நியூட்டோனியன், கோவை: நியூட்டோனியன் ஒளியைப் பிரதிபலிக்கும் கண்ணாடி, அதில் நிறப்பிறழ்ச்சியே கிடையாதே. ஆனாலும் நடுவில் இருக்கும் கூர்மை விளிம்பில் இல்லை.

அது கோமா, மையத்தைவிட்டு விலகிய புள்ளிகள் வால் முளைத்ததுபோல் நீளும் பிறழ்ச்சி. 750 மி.மீ. குவியத்தில் சூரிய பிம்பம் 7 மி.மீ., விளிம்பு மையத்திலிருந்து 3.5 மி.மீ. எஃப்/5 பரவளையத்தில் அந்தத் தூரத்தில் கோமா வால் 26 மைக்ரான் நீளும். பச்சையில் ஏரி (Airy) வட்டின், அதாவது பிழையில்லாத கருவி ஒரு புள்ளியைக் காட்டும் சிறு வட்டின், விட்டமே 6.6 மைக்ரான்தான். முதலில் இரவில் ஒரு நட்சத்திரத்தில் கொலிமேஷன் (கண்ணாடிகள் ஒரே அச்சில் நிற்கின்றனவா என்று) பாருங்கள். அது விலகியிருந்தால் கோமா இல்லாத இடம் சூரியனின் நடுவில்கூட இருக்காது. பிறகு கோமா கரெக்டர். அது கைவசம் இல்லையென்றால் எடுக்க வேண்டிய பகுதியை ஒவ்வொன்றாகச் சட்டகத்தின் நடுவுக்குக் கொண்டுவந்து எடுத்து ஒட்டுங்கள், செலவில்லை. நியூட்டோனியனில் ஹெர்ஷல் வெட்ஜ் (சூரிய ஒளியில் சிறு பங்கை மட்டும் கேமராவுக்கு அனுப்பும் பின்பக்கப் பட்டகம்) வேண்டவே வேண்டாம், அது ரிஃப்ராக்டருக்கு (லென்ஸ் தொலைநோக்கிக்கு) மட்டும்.

72 மி.மீ. எஃப்/6, சென்னை: முழுச் சூரியனுக்கு ஃபீல்டு ஃப்ளாட்னர் (வளைந்த குவியப் பரப்பைத் தட்டையாக்கும் லென்ஸ்) தேவையா?

வேண்டாம். 432 மி.மீ. குவியத்தில் விளிம்பு மையத்திலிருந்து 2 மி.மீ. அங்கே புல வளைவு 0.013 மி.மீ.தான் வரும், ஹெச்-ஆல்ஃபாவில் (ஹைட்ரஜனின் சிவப்பு ஒளிக்கோட்டில்) உங்கள் ஃபோகஸ் ஆழம் 0.047. அந்தப் பணத்துக்கு நல்ல ஃபோகஸர் வாங்குங்கள்.

100 மி.மீ. எஃப்/10 அக்ரோமேட், யாழ்ப்பாணம்: ஹெச்-ஆல்ஃபா ஃபில்டர் 1 ஆங்ஸ்ட்ராமுக்கும் குறைவான அகலம் என்றால் ஒரே நிறம்தானே ஐயா. அப்படியானால் அக்ரோமேட்டும் அபோவும் (நிறங்களை இன்னும் நெருக்கமாகக் குவிக்கும் விலையுயர்ந்த லென்ஸும்) சமம், பிறழ்ச்சி என்ற பேச்சுக்கே இடமில்லை. சரிதானே?

பாதி சரி. நிறப்பிறழ்ச்சி முழுவதும் போய்விடும். கோளப்பிறழ்ச்சி போகாது. லென்ஸைப் பச்சைக்குத் திருத்தியிருக்கிறார்கள், நீங்கள் படமெடுப்பது 656.3 நானோமீட்டரில். அந்தச் சிவப்பில் பெரும்பாலான இரட்டை லென்ஸ்களுக்குத் திருத்தம் குறைந்து நிற்கும். விளிம்புக் கதிர்கள் நடுக்கதிர்களைவிட லென்ஸுக்கு அருகிலேயே குவியும். ஃபோகஸை எங்கே வைத்தாலும் ஒரு மெல்லிய பால் படலம் மிஞ்சும். ஒற்றை நிறம் என்பதால் அது நிறமாகத் தெரியாது, மாறுபாடு குறைந்ததாகத் தெரியும். பலர் அதைக் காற்றின் குறை என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

80 மி.மீ. எஃப்/6 இரட்டை அபோ, சிங்கப்பூர்: அப்படியென்றால் அபோவுக்குக் கொடுத்த பணம் வீணா? பக்கத்தில் ஒருவருடைய எஃப்/11 அக்ரோமேட் ஹெச்-ஆல்ஃபாவில் என்னுடையதைவிடக் கூர்மையாக இருக்கிறது.

இரவு வானத்துக்கு வீணில்லை. ஹெச்-ஆல்ஃபாவில் அது முந்துவதற்குக் காரணம் எஃப் எண். ஒரே வகைக் கண்ணாடி, ஒரே வடிவமைப்பு என்றால் இந்த மிச்சக் கோளப்பிறழ்ச்சி விட்டத்துக்கு நேராகவும், எஃப் எண்ணின் மும்மடிக்குத் தலைகீழாகவும் போகும். எஃப்/6க்கும் எஃப்/11க்கும் இடையில் அது 6 மடங்கு வித்தியாசம். அபோவின் கண்ணாடி வகை அதில் ஒரு பகுதியைத் திருப்பித் தருகிறது, முழுவதையும் அல்ல.

யாழ்ப்பாணம், மீண்டும்: நான் ஒப்புக்கொள்ளவில்லை. என் படங்களில் சுவாலைகள் கத்தி போல் கூராக இருக்கின்றன.

சுவாலை என்பது சூரிய விளிம்புக்கு வெளியே, இருண்ட பின்னணியில் நிற்கும் ஒளி. அங்கே மாறுபாடு தாராளம், கால் அலை பிழையைக்கூட அது மறைத்துவிடும். வட்டின் மேல் இருக்கும் இழைகளையும் கரும்புள்ளியைச் சுற்றியுள்ள நார்களையும் பாருங்கள். இன்னும் நல்ல வழி, லென்ஸையே சோதிப்பது.

இரவில் செய்யுங்கள். நெபுலா படத்துக்கான 7 நானோமீட்டர் ஹெச்-ஆல்ஃபா ஃபில்டரைக் கேமராவுக்கு முன் போட்டு, எஃப்/20க்கு மேல் போகிற மாதிரி ஒரு பார்லோ (குவியத்தொலைவை நீட்டும் லென்ஸ்) வைத்து, திருவாதிரை நட்சத்திரத்தைப் பிடியுங்கள். அது சிவப்பு, இந்த அலைநீளத்தில் நல்ல வெளிச்சம். பார்லோவும் கேமராவும் சேர்ந்து நகரும்படி ஃபோகஸரை உள்ளே கொஞ்சம், வெளியே அதே அளவு நகர்த்துங்கள். 5 வளையம் தெரிய மதுரைக்காரரின் எஃப்/8.3இல் 1.8 மி.மீ., உங்கள் எஃப்/10இல் 2.6 மி.மீ. இரு பக்கமும் ஒரே மாதிரி வளையங்கள் என்றால் லென்ஸ் சிவப்பில் சுத்தம், நீங்கள் சொன்னது உங்கள் லென்ஸைப் பொறுத்தவரை சரி. உள்பக்கம் வெளிவளையம் பளிச்சென்று தடித்து, வெளிப்பக்கம் நடு பிரகாசமாகி ஓரம் பஞ்சாகக் கரைந்தால் திருத்தம் குறைவு. பார்லோ தன் பிழையையும் சேர்க்கும், அதனால் வேறொரு பார்லோவிலும் பார்த்துவிடுங்கள்.

அந்த 7 நானோமீட்டர் ஃபில்டர் இரவுக்கு உரியது. அதைச் சூரியன் பக்கம் கொண்டுபோகாதீர்கள். பெயரில் ஹெச்-ஆல்ஃபா இருப்பதால் அது சூரிய ஃபில்டர் ஆகிவிடாது.

மதுரை, மீண்டும்: சோதித்தேன் சார். நீங்கள் சொன்னபடியே உள்பக்க வளையம் தடிப்பு. இதற்கு மருந்து?

இரண்டு வழி. எளியது, விட்டத்தைக் குறைப்பது. குவியத்தொலைவு மாறாததால் அலைமுகப் பிழை விட்டத்தின் நான்காம் மடியில் இறங்கும். கறுப்பு அட்டையில் 100 மி.மீ. வட்டம் வெட்டி முன்னால் வைத்தால் பிழை பாதிக்கும் கீழே, 90 மி.மீ. வைத்தால் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே. இழப்பது என்ன? ஹெச்-ஆல்ஃபாவில் பிரிதிறன் 1.4இலிருந்து 1.8 ஆர்க்செகண்டுக்குப் போகும். பகல் காற்று பெரும்பாலான நாட்களில் 2க்குக் கீழே இறங்குவதில்லை, அதனால் இழப்பு கணக்கில்தான், படத்தில் லாபம். வட்டம் லென்ஸோடு மையம் ஒத்திருக்க வேண்டும், ஓரம் பிசிறில்லாமல் இருக்க வேண்டும்.

இரண்டாவது, லென்ஸ் இடைவெளி. கிரவுன் (முன் லென்ஸ்), ஃபிளின்ட் (பின் லென்ஸ்) இரண்டுக்கும் நடுவில் 120 டிகிரிக்கு ஒன்றாக மூன்று ஃபாயில் துண்டுகள் இருக்கும். இடைவெளியைக் குறைத்தால் விளிம்புக் கதிர் ஃபிளின்ட்டில் இன்னும் உயரமாக விழும், திருத்தம் கூடும். துண்டின் தடிமனை மைக்ரோமீட்டரில் அளந்து 0.02 மி.மீ. குறைவானதைப் போட்டு மறுபடி திருவாதிரையில் சோதியுங்கள். பிரிக்கும் முன் இரு லென்ஸ்களின் ஓரத்திலும் குறுக்கே ஒரு பென்சில் கோடு, எந்த முகம் எந்தப் பக்கம் என்ற அம்புக்குறி. இவை இல்லாமல் பிரித்தவர்களின் லென்ஸ் பழைய நிலைக்குத் திரும்புவது கடினம். சிவப்புக்குச் சரிசெய்தால் பச்சையில் திருத்தம் மிஞ்சிப்போய் இரவில் கிரகங்கள் மங்கும். சூரியனுக்கே ஒதுக்கிய குழாய் என்றால் மட்டும் செய்யுங்கள். ஒட்டிய லென்ஸ், எண்ணெய் லென்ஸ் இரண்டிலும் இந்த வழி இல்லை.

சேலம்: ஹெச்-ஆல்ஃபா ஒற்றை நிறம் என்றால் ஒற்றை லென்ஸே போதாதா?

நல்ல கேள்வி. போதும். 100 மி.மீ. எஃப்/15 சமதள-குவி லென்ஸ், குவிந்த முகம் சூரியனைப் பார்த்தபடி வைத்தால், 656 நானோமீட்டரில் மிஞ்சும் கோளப்பிழை சிறந்த ஃபோகஸில் ஐந்தில் ஒரு அலைதான். திருப்பி வைத்தால் அது ஏறக்குறைய 4 மடங்கு. லென்ஸின் பரப்புத் தரம் நன்றாக இருக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை, உருப்பெருக்கிக் கண்ணாடி உதவாது.

80 மி.மீ., திருச்சி: எந்தத் தொலைநோக்கி வாங்கினால் பிறழ்ச்சி இருக்காது?

மேலே சிங்கப்பூர்க்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

60 மி.மீ. ஹெச்-ஆல்ஃபா, கொழும்பு: வட்டின் ஒரு பகுதி மட்டும் விவரமாக, மீதி வெளிறிப்போய் இருக்கிறது. இது எந்தப் பிறழ்ச்சி?

லென்ஸ் பிறழ்ச்சி இல்லை, எட்டலானின் (ஹெச்-ஆல்ஃபாவின் மெல்லிய நிறத்தை மட்டும் விடும் ஃபில்டர் பாகத்தின்) கோணம். சாய்வாகப் போகும் ஒளிக்கு எட்டலான் நீலப்பக்கம் நகர்ந்துவிடும். காற்று இடைவெளி எட்டலானில் அரை டிகிரி சாய்வுக்கே 0.25 ஆங்ஸ்ட்ராம். சாய்வுத் திருகை மெதுவாகத் திருப்பி நல்ல பகுதியை நடுவுக்குக் கொண்டுவாருங்கள்.

இதே கணக்கால்தான் பின்பக்க மைக்கா எட்டலான்களுக்கு எஃப்/30 கேட்கிறார்கள். எஃப்/30 கூம்பில் ஓரக் கதிரின் நகர்வு மைக்காவில் 0.36 ஆங்ஸ்ட்ராம், எஃப்/20இல் 0.8. அரை ஆங்ஸ்ட்ராம் ஃபில்டருக்குப் பின்னது தாங்காது. சாதாரண பார்லோவும் கூடாது, டெலிசென்ட்ரிக்தான் (எல்லாப் புள்ளிகளின் கூம்பையும் நேராக அனுப்பும் வகைதான்) வேண்டும். பார்லோவில் ஓரப் புள்ளிகளின் கூம்பு சாய்ந்தே வரும்.

அபோ, பெங்களூரு: படத்தில் வில் வில்லாகக் கோடுகள்.

நியூட்டன் வளையங்கள், அருகருகே உள்ள பரப்புகளில் எதிரொளித்த ஒளி ஒன்றோடொன்று குறுக்கிடுவதால் வருபவை. கேமராவை 1 முதல் 3 டிகிரி சாய்க்கும் அடாப்டர். மிஞ்சியதை ஃப்ளாட் (சீரான வெளிச்சத்தில் எடுக்கும் ஒப்பீட்டுப் படம்) எடுத்து நீக்குங்கள்.

102 மி.மீ., மலேசியா: சூரியனின் இடப்பக்கம் மட்டும் எப்போதும் மங்கல். லென்ஸை அனுப்பிவிடலாமா?

கேமராவை 180 டிகிரி திருப்பி இன்னொரு படம் எடுங்கள். மங்கல் சட்டகத்தின் அதே பக்கம் நின்றால் சென்சார் சாய்வு. சூரியனின் அதே விளிம்போடு போனால் ஃபோகஸர் அல்லது லென்ஸ் கூட்டின் சாய்வு. நியூட்டன் வளையத்துக்குப் போட்ட சாய்வு அடாப்டரைக் கழற்ற மறந்திருக்கிறீர்களா என்றும் பாருங்கள்.

100 மி.மீ. எஃப்/7, ஈரோடு: கால்சியம் கே (கால்சியத்தின் ஊதா ஒளிக்கோடு) எடுக்க ஆசை. பச்சையில் அருமையான லென்ஸ், கே ஃபில்டரில் கஞ்சியாகிவிடுகிறது.

393.4 நானோமீட்டரில் உங்கள் லென்ஸ் எதிர்ப்பக்கம் தவறுகிறது, திருத்தம் மிஞ்சிவிடும். ஃபோகஸும் பச்சையைவிட வெகுதூரம் வெளியே இருக்கும், முதலில் அதைத் தேடிப் பிடியுங்கள். பிறகு 70 மி.மீ. தடுப்பு. பிழை நான்கில் ஒரு பங்குக்குக் குறையும். ஊதாவின் அலைநீளம் குறுகியது, அதனால் 70 மி.மீ.யிலேயே 1.4 ஆர்க்செகண்ட் கிடைக்கும். ஹெச்-ஆல்ஃபாவில் 80 மி.மீ. தருவது 2.1தான். கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் நூறு ஆண்டுக்கு மேலாக இதே கோட்டில் சூரியனைப் பதிந்து வைத்திருக்கிறார்கள், அந்தப் படங்களோடு உங்கள் பிளேஜ் (கரும்புள்ளிகளைச் சுற்றிப் பளிச்சிடும்) பகுதிகளை ஒப்பிட்டுப் பாருங்கள், மனம் நிறையும். 8 நானோமீட்டர் அகல கே ஃபில்டர் தனியாகப் பாதுகாப்பு தராது. முன்னால் 3.8 ஃபிலிமோ, பின்னால் ஹெர்ஷல் வெட்ஜோ கட்டாயம்.

தஞ்சை: மென்பொருளில் டீகன்வொல்யூஷன் (மங்கலைக் கணக்கிட்டு நீக்கும் முறை) போட்டால் கோளப்பிறழ்ச்சி போய்விடாதா?

காற்றும் விளிம்பு விலகலும் சேர்ந்த சமச்சீர் மங்கலை அது ஓரளவு மீட்கும். கோமாவையும் சாய்வையும் மீட்காது, ஏனென்றால் அங்கே மங்கல் இடத்துக்கு இடம் வேறு. இரைச்சலுக்குக் கீழே போன விவரத்தையும் மீட்காது, புதிதாக ஒன்றைக் கற்பனை செய்யும். 1000 ஃபிரேமில் சிறந்த 10 சதவீதத்தை அடுக்கி, அதன்பின் மென்மையாகப் போடுங்கள்.

வேலூர்: அக்ரோமேட்டா, அபோவா?

இது மூன்றாவது முறை. யாழ்ப்பாணத்துக்காரருக்கான பதிலில் உள்ள நட்சத்திரச் சோதனையை உங்கள் கையிலுள்ள குழாயில் செய்துவிட்டு, வளையங்களின் இரண்டு படங்களோடு வாருங்கள்.

8 அங்குல ஷ்மிட்-கேசெக்ரெயின், திருநெல்வேலி: ஹெர்ஷல் வெட்ஜ் ஒன்று கிடைத்திருக்கிறது, பின்னால் மாட்டி எடுக்கலாமா?

மாட்டாதீர்கள். குழாய்க்குள் முழுச் சூரிய வெப்பமும் நுழைந்து இரண்டாம் கண்ணாடியையும் அதன் பிடியையும் சுட்டுவிடும். முன்பக்கம் முழு விட்ட ஃபிலிம் மட்டும், காற்றில் கழன்றுவிடாதபடி மூன்று இடத்தில் டேப் ஒட்டி. ஃபைண்டரை மூடிவிட்டீர்களா?