வெட்கப்படுறது வேற, தெரியாம இருக்குறது வேற

கேள்வி: அஸ்ஸலாமு அலைக்கும் அக்கா. எங்களுக்கு உத்தமபாளையம், மகளோட அத்தா (அப்பா) குமுளியில ஏலக்கா கடையில இருக்காக. மக எட்டாவது படிக்கிறா. ஸ்கூல்ல லேடி டாக்டர் வந்து உடம்பு, பீரியட்ஸ், தப்பா தொடுறது பத்தியெல்லாம் கிளாஸ் எடுக்கப்போறாங்க, பெத்தவங்க கையெழுத்து போடணுமாம். மாமியாரோ "வெட்கம் ஈமான்ல (இறை நம்பிக்கையில) ஒரு பகுதி, அன்னைக்கு லீவு போடச் சொல்லு"ங்கறாக. என்ன செய்யட்டும்?

பதில்: வ அலைக்கும் ஸலாம்மா. கையெழுத்து போடுங்க, பிள்ளைய அனுப்புங்க. மாமியார் சொன்ன ஹதீஸ் (நபிமொழி) உண்மைதான், ஆனா மார்க்கத்த விளங்கிக்கிறதுக்கு அன்சாரி (மதீனாவாசி) பெண்களுக்கு வெட்கம் தடையா இருக்கலன்னு நபியோட மனைவி ஆயிஷா நாயகி பாராட்டுனதும் ஹதீஸ்லதானே இருக்கு. ஹைளு (மாதவிடாய்) பத்தி குர்ஆன்ல பகரா சூரா 222வது ஆயத்து (வசனம்) பேசுது, பிள்ளைங்க கூட மூணு நேரத்துல அனுமதி கேட்டுத்தான் ரூமுக்குள்ள வரணும்னு நூர் சூரா 58வது ஆயத்து சொல்லுது, ஃபிக்ஹு (மார்க்கச் சட்ட) கிதாப தொறந்தா குளிப்பு கடமையாகுறதுக்கு ஒரு பாடமே இருக்கு. வாய மூடிக்கிட்டு இருக்குறது நாமளா பழகிக்கிட்டதும்மா.

நான் வயசுக்கு வந்தது ஒரு நோன்பு மாசத்துல. யாரும் ஒண்ணும் சொல்லித் தந்ததில்ல, பயந்துபோயி பாவாடைய பரண்ல ஒளிச்சு வச்சுட்டு மூணு நாளு நோன்பும் வச்சேன், ஹைளுல வச்ச அந்த நோன்பு கூடாது, பின்னாடி களா செய்யணும், அதாவது வேற நாள்ல வைக்கணும்னு ரொம்ப நாள் கழிச்சுத்தான் தெரிஞ்சுச்சு, இப்ப நினைச்சாலும் அந்தப் பிள்ளைய நினைச்சு மனசு வலிக்குது.

அதைவிட முக்கியமா ஒண்ணு. உறுப்புக்குப் பேரே சொல்லித்தராத பிள்ளை, சொந்தக்காரன் ஒருத்தன் தப்பா தொட்டா நம்மகிட்ட வந்து என்னன்னு சொல்லும்? பிள்ளைங்கள பாலியல் கொடுமையிலருந்து காக்குற 2012 போக்சோ சட்டம் 18 வயசுக்குக் கீழ உள்ள ஆம்பளப் பிள்ளைங்களுக்கும் சேர்த்துத்தான், குழந்தைகள் உதவி எண் 1098க்கு போன் அடிக்கலாம்னு பிள்ளைக்கே தெரிஞ்சிருக்கணும். செக்போஸ்ட் தாண்டுனா கேரளா, அங்க போக்சோ பத்தி ஸ்கூல்லயே சொல்லித்தரணும்னு 2022ல ஹைகோர்ட்டே சொல்லிருச்சு. இதெல்லாம் தெரிஞ்சா பிள்ளை கெட்டுப்போயிரும்னு பயப்படுறாங்க, ஆனா யுனெஸ்கோ 2018ல வெளியிட்ட வழிகாட்டில பல ஆய்வுகளப் பாத்துட்டு அப்படி ஆகுறதில்லன்னுதான் சொல்லியிருக்கு.

உங்களுக்கு உறுத்தலா இருந்தா முன்னாடியே எச்.எம்.ம (தலைமை ஆசிரியர) பாத்து, என்ன படம் காட்டுவீங்க, பொம்பளப் பிள்ளைங்க தனியாத்தானேன்னு கேளுங்க, கேக்குறது உங்க உரிமை. மாமியாரையும் கூட்டிட்டுப் போங்க. முடிஞ்சா மதரஸா ஆலிமாவையும் (மார்க்கம் படிச்ச டீச்சரையும்).

கேள்வி: மகனுக்கு 13 வயசு. தூக்கத்துல துணி நனையுதுன்னு பயந்து, சரியா சாப்பிடக்கூட மாட்டேங்கறான். டாக்டர்கிட்ட காட்டணுமா? (புதுநகரம், பாலக்காடு)

பதில்: வேணாம்ணே, அது நோயில்ல, பாலிகாகுற (பருவமடையுற) வயசுல இயல்பா வர்றது. ஆனா லேகிய விளம்பரக்காரன் அவன்கிட்ட நரம்புத் தளர்ச்சின்னு சொல்லி பயமுறுத்துறதுக்கு முன்னாடி அத்தா நீங்க சொல்லிருங்க, எப்படி குளிக்கணும்ங்கறதையும் சேர்த்து. இன்னைக்கு இஷா (ராத்திரித் தொழுகை) தொழுதுட்டு ரெண்டு பேரும் நடந்து வரும்போதே பேசுங்க.