மூன்று வருசத்தில் இந்தப் படிப்புக்கு வேலை இருக்குமா?

கேள்வி: மகள் ஏ.எல். முடித்துவிட்டாள். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கோணேசபுரி வளாகத்தில் கணினி விஞ்ஞானம் கிடைக்கும் போலிருக்கிறது. டொரண்டோவில் இருக்கும் என் தம்பியோ, "இன்னும் மூன்று வருசத்தில் புரோகிராம் எல்லாம் ஏ.ஐ. எழுதிவிடும், அதைப் படித்து வேலையில்லை, கொழும்பில் ஆறு மாத ஏ.ஐ. கோர்ஸில் சேர்த்துவிடு" என்கிறான். அதற்குக் காசு கட்டச் சங்கிலியை அடகு வைக்கவேணும். என்ன செய்யட்டும்?
- ஒரு தாய், உப்புவெளி

பதில்: அன்புத் தங்கச்சி, வளாகம் கிடைத்தால் பிள்ளையை அனுப்புங்கள்.

தம்பி சும்மா பயமுறுத்தவில்லை. ஏ.ஐ. செய்யும் நிறுவனமான ஆந்த்ரோபிக்கின் தலைவர் டாரியோ அமோடேயே 2025 மே மாதத்தில், ஒன்று முதல் ஐந்து வருசத்துக்குள் ஆரம்பநிலை அலுவலக வேலைகளில் பாதி போய்விடக்கூடும் என்று சொன்னார். எனக்கு ஒத்துவராதது அந்த வருசக்கணக்குத்தான். 1965இல் ஏ.ஐ. ஆராய்ச்சியின் முன்னோடிகளில் ஒருவரான ஹெர்பர்ட் சைமன், மனிதன் செய்யும் எந்த வேலையையும் 20 வருசத்தில் இயந்திரம் செய்யும் என்று எழுதினார். 2016இல், தம்பி இருக்கும் அதே டொரண்டோவில் ஏ.ஐ. விஞ்ஞானி ஜெஃப்ரி ஹின்டன், எக்ஸ்ரே, ஸ்கேன் பார்த்துச் சொல்லும் டொக்டர்களைப் பயிற்றுவிப்பதை இப்போதே நிறுத்துங்கள், ஐந்து வருசத்தில் கணினி அவர்களை மிஞ்சிவிடும் என்றார். 2024இல் இயற்பியல் நோபல் வாங்கிய மனிதர், சாதாரண ஆளில்லை. ஆனால் இன்றைக்கும் பல நாடுகளில் அந்த டொக்டர்களுக்குத் தட்டுப்பாடு, படம் பார்க்க ஏ.ஐ.யும் கூடவே இருக்கிறது. காலத்தில்தான் பிழைவிட்டேன், திசையில் இல்லை என்று அவரே பிறகு ஒத்துக்கொண்டார். 2016இல் அவரை நம்பி அந்தப் படிப்பை விட்ட பிள்ளைகள் இருந்திருந்தால் அவர்களை நினைத்துப் பாருங்கள்.

மகளின் துறையிலும் இப்படித்தான் நடக்கும் என்று நினைக்கிறேன். சொன்னதை அப்படியே புரோகிராமாக எழுதும் வேலை குறையும், முதல் வேலை கிடைப்பது முன்பைவிடக் கஷ்டமாகும், இதை உங்களிடம் மறைக்க மாட்டேன். ஆனால் எதை எழுதவேணும் என்று கண்டுபிடிக்க ஆள் தேவை. இங்கே மீன் வியாபாரி ஒருவருக்குக் கணக்கு ஆப் செய்து கொடுத்த ஒரு பிள்ளையை எனக்குத் தெரியும். ஏ.ஐ. ஒரே பின்னேரத்தில் புரோகிராமை எழுதிக் கொடுத்துவிட்டது, ஆனால் கணக்கு அவருடைய கொப்பியோடு ஒத்துப்போகவே இல்லை. படகுக்காரருக்குக் கொடுத்த முற்பணத்தை மீன் நன்றாகப் பட்ட நாளில்தான் அவர் கொஞ்சம் கொஞ்சமாகக் கழிப்பாராம், படாத நாளில் கைவைக்க மாட்டாராம். அது கொப்பியில் எங்கும் இல்லை, அவர் மனதில் இருந்தது. விடியக்காலை மூன்று நாள் கரையில் அவர் பக்கத்தில் நின்றுதான் பிள்ளை அதைப் பிடித்தாள்.

அதனால் மகள் முதலாம் வருசத்திலேயே யாராவது ஒரு கடைக்காரருக்கு உண்மையாகப் பயன்படும் ஒன்றைச் செய்து பார்க்கட்டும். கணிதத்தையும் புள்ளிவிபரவியலையும் விடக்கூடாது, ஏ.ஐ. தரும் விடையில் பிழை பிடிக்க அவைதான் கைகொடுக்கும்.

சங்கிலி கழுத்திலேயே இருக்கட்டும். ஆறு மாதத்தில் சொல்லித்தரும் ஆப்கள், நீங்கள் அடகை மீட்பதற்குள் மாறிவிடும். தம்பிக்கு உதவ மனமிருந்தால் ஒரு லப்டொப் அனுப்பச் சொல்லுங்கள், பழையதென்றாலும் பரவாயில்லை, ராம் 16 ஜிபி இருக்கவேணும்.